ஷாவ்ஷிங் கடைவீதியில் சியூ ஜின் நினைவுத்தூண்: போய்ப் பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?

கொங்குநூல் எழுதியது:

வணக்கமுங்க. துணி எடுக்கறதுக்காக எட்டு வருசமா கெச்சியாவ் போய்ட்டு வர்றேன். ஜவுளித் தொழில்ல இருக்கறவங்களுக்கு அந்தப் பேரைச் சொன்னாப் போதும். சீனாவுல ஷாவ்ஷிங் நகரத்துல ஒரு பகுதி, கண்ணுக்கெட்டின வரைக்கும் துணிச் சந்தை. நம்மாளுங்க நிறையப் பேர் அங்கயே ஆபீஸ் போட்டு உக்காந்திருக்காங்க. ஏர்போர்ட், ஹோட்டல், சந்தை, கிடங்கு, மறுபடி ஏர்போர்ட், இதைத் தாண்டி ஊரை நான் பார்த்ததில்லை.

போன தடவ ஒரு சாம்பிள் வர ஒரு நாள் தாமதம். எங்களுக்குச் சரக்குப் பார்த்துக் குடுக்கற அம்மாவுக்கு அம்பது வயசு தாண்டியிருக்கும். எட்டு வருசமா அக்கானுதான் கூப்பிடுவேன், அவங்களும் அந்த வார்த்தையைப் பழகிட்டாங்க. "சும்மா ரூம்ல எதுக்கு உக்காந்திருக்கே, வா"ன்னு பேட்டரி வண்டில உக்கார வெச்சுப் பழைய ஊருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எழுத்தாளர் லூ சுன் வீட்டுப் பக்கம் கூட்டம் தாங்கல, கறுப்புக் கூரை போட்ட படகு, வறுத்த அவரை, அரிசி மது ஜாடி, எல்லாம் பார்த்தோம். திரும்பறப்ப செபாங் ரோட்டுல, செல்போன் கடையும் செருப்புக் கடையுமா இருக்கற இடத்துல, திடீர்னு வண்டிய ஓரங்கட்டினாங்க.

ஒரு கல்தூண். நம்மூர்ல பஸ் ஸ்டாப் பக்கம் பார்க்கற சுதந்திரப் போராட்டத் தியாகி தூண் மாதிரிதான். அதோட படில யாரோ குடிச்சுப் போட்ட டீ கப்பு கெடந்துச்சு. அக்கா குனிஞ்சு அதை எடுத்து, கைக்குட்டைல சுத்தித் தன் பைல போட்டுக்கிட்டாங்க. அப்புறம் ஒரு நிமிசம் தலையைக் குனிஞ்சு நின்னாங்க. எட்டு வருசத்துல விலை பேசறதைத் தவிர வேற எதுக்கும் அவங்க குரல் மாறி நான் கேட்டதில்லை. அன்னிக்கு மாறுச்சு. "இந்த எடத்துல வெச்சுத்தான் ஒரு டீச்சரம்மா தலையை வெட்டினாங்க. எங்க பாட்டியோட அம்மா அப்பச் சின்னப் பொண்ணு, இதே ஊர்ல"ன்னாங்க.

பேரு சியூ ஜின். சமாதி ஹாங்ஜோ ஏரிக்கரைல இருக்குதாம். அக்டோபர்ல மறுபடி போறேன். போகறதுக்கு முன்னாடி இவங்க யாருன்னு ஒழுங்காத் தெரிஞ்சுக்கணும். விசயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தேன்மொழி எழுதியது:

கொங்குநூல் அண்ணா, நீங்கள் நின்ற சந்திக்கு ஷுவான்திங்கோ என்று பெயர். அந்தக் காலத்தில் ஷாவ்ஷிங்கில் பொதுமக்கள் பார்க்கத் தலை வெட்டும் இடம் அது. 1907 ஜூலை 15, பொழுது விடிவதற்கு முன் சியூ ஜினை அங்கே கொண்டுவந்து வெட்டினார்கள். தூணை 1930இல் எழுப்பினார்கள். அதில் இருக்கும் நினைவுரை சாய் யுவான்பெய் எழுதியது. பீக்கிங் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த பெரிய கல்வியாளர், அவருக்கும் ஷாவ்ஷிங்தான் சொந்த ஊர். கல்லில் இருக்கும் கையெழுத்து யூ யோரென் என்பவருடையது.

பெண்கள் வரலாறு படிக்கிறவள் என்பதால் இவரைப் பற்றிக் கேட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. முடிந்தவரை சுருக்குகிறேன்.

அதிகாரிகள் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே காலைக் கட்டிவிட்டார்கள், அன்றைய வழக்கப்படி. 1896இல் ஹூனான் மாகாணத்துப் பணக்கார வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு குழந்தைகள். கணவரோடு பீக்கிங்குக்குக் குடிபோனபோதுதான் புது இதழ்களும் புது மனிதர்களும் கிடைத்தார்கள். 1904இல் நகைகளை விற்று, கணவரையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு டோக்கியோவுக்குப் படிக்கப் போனார். கால்கட்டை அவிழ்த்தார், வாள் பழகினார், ஆண் உடை போட்டுக்கொண்டார். அடுத்த வருடம், மன்னராட்சியை எதிர்த்த தலைவர் சுன் யாட்-சென்னின் புரட்சி அமைப்பில் சேர்ந்தார்.

திரும்பி வந்து, 1907 தொடக்கத்தில் ஷாங்காயில் பெண்களுக்கென்று ஓர் இதழ் தொடங்கினார். இரண்டே இதழ்கள்தான் வெளிவந்தன. படித்தவர்களின் பழைய நடை இல்லாமல், வாசித்துக் காட்டினால் எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கும் புரிகிற பேச்சு நடையில் எழுதினார். நம் ஊரில் இதன் அருமை எல்லோருக்கும் தெரியும்.

அதே வருடம் ஷாவ்ஷிங்கின் தாதோங் பள்ளிப் பொறுப்பை ஏற்றார். வெளியே பார்த்தால் உடற்பயிற்சி சொல்லித்தரும் பள்ளி, உள்ளே, அன்று சீனாவை ஆண்ட மஞ்சு அரசுக்கு எதிரான படைப்பயிற்சி. கூட்டாளி ஷூ ஷீலின் பக்கத்து மாகாணமான ஆன்ஹுயியில் போலீஸ் பள்ளி அதிகாரியாகவே வேலைக்குச் சேர்ந்திருந்தார். இரண்டு ஊரிலும் ஒரே சமயத்தில் எழ வேண்டும் என்பது திட்டம். ஷூ ஷீலின் முந்திக்கொள்ள நேர்ந்தது. ஜூலை 6ஆம் தேதி ஆன்சிங் நகரில் மாகாண ஆளுநர் என்மிங்கைச் சுட்டார். ஷூ ஷீலினைப் பிடித்து உடனே கொன்றுவிட்டார்கள்.

செய்தி ஷாவ்ஷிங்குக்கு வந்து சேர்ந்தது. ஓடிவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். மாணவர்களை அனுப்பிவிட்டு, காகிதங்களை எரித்துவிட்டு, அவர் பள்ளியிலேயே இருந்தார். 13ஆம் தேதி படை வந்து வளைத்தது. நடுவில் ஒரே ஒரு நாள். 15ஆம் தேதி முடிந்துவிட்டது.

விசாரணையில் வாக்குமூலம் எழுதச் சொன்னபோது ஒரே ஒரு வரி எழுதியதாகச் சொல்வார்கள்: "கூதிர்க் காற்று, கூதிர் மழை, ஆளைக் கொல்லும் துயரம்." அது பழைய கவிஞர் ஒருவருடைய வரி. ஆனால் 'சியூ' என்ற அவருடைய குடும்பப் பெயருக்கே கூதிர்காலம், அதாவது இலையுதிர் பருவம் என்றுதான் பொருள். தன் பெயரையே வாக்குமூலமாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

இன்னொருவரையும் மறக்கக் கூடாது. உள்ளூர் நீதிபதி லீ ஜோங்யுவே. சித்திரவதை செய்ய மறுத்தவர். மேலதிகாரியின் உத்தரவால்தான் தலைவெட்டு நடந்தது. உடையைக் களையக் கூடாது, தலையைத் தொங்கவிட்டுக் காட்டக் கூடாது என்று சியூ ஜின் கேட்ட இரண்டையும் அவர் ஒத்துக்கொண்டாராம். வேலை போனது. அதே வருடம் தூக்குப் போட்டுக்கொண்டார்.

இளவரசன் எழுதியது:

நல்ல தகவல், தேன்மொழி. ஆனால் எனக்கு ஒரு நெருடல். சீன அரசே சிலை வைத்து, பாடப் புத்தகத்தில் சேர்த்து, பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டுகிற தியாகி இவர். அவரைக் கொன்ற அரசு 1912இலேயே போய்விட்டது. இன்றைக்கு இவருக்குப் பூ வைத்தால் யாரும் கேட்கப் போவதில்லை. அதே நாட்டில் அரசை எதிர்த்துப் பேசிச் செத்தவர்கள் எத்தனையோ பேருக்குக் கல்லே கிடையாது. அப்படியிருக்க, இந்தத் தூணின் முன்னால் தலைகுனிவதில் எவ்வளவு உண்மை இருக்கும்? கொங்குநூல் அண்ணனைச் சொல்லவில்லை, பொதுவாகவே கேட்கிறேன்.

ஷாங்காய் மணி எழுதியது:

இளவரசன் தம்பி, நீங்கள் கேட்டதற்கு எனக்கு நேர்ந்த ஒன்றைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். பன்னிரண்டு வருடமாக ஷாங்காயில் வேலை பார்க்கிறேன்.

லின் ஜாவ் என்று ஒரு பெண். 1932இல் சுஜோவில் பிறந்தவர். மிஷன் பள்ளியில் படித்து, கம்யூனிஸ்ட் கட்சியை நம்பி வீட்டை விட்டுப் போய், நிலச் சீர்திருத்த வேலையெல்லாம் செய்தவர். 1954இல் பீக்கிங் பல்கலைக்கழகம். 1957இல் வலதுசாரி, அதாவது கட்சிக்கு எதிரி, என்று முத்திரை. பெரும்பஞ்சத்தில் கிராமங்களில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது, அதை எழுதுவதற்காகச் சில மாணவர்கள் 'தீப்பொறி' என்ற பெயரில் ரகசிய இதழ் நடத்தினார்கள். அதில் இவர் கவிதை வந்தது. 1960இல் கைது. கொஞ்சநாள் வெளியே விட்டு மறுபடி பிடித்தார்கள். 1965இல் இருபது வருடச் சிறை என்று தீர்ப்பு.

பேனாவும் மையும் பிடுங்கப்பட்ட நாட்களில் விரலைக் கீறி ரத்தத்தில் எழுதினார், துணியிலும் காகிதத்திலும். 1968 ஏப்ரல் 29 அன்று ஷாங்காயில் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு போலீஸ்காரர் அவருடைய அம்மா வீட்டுக் கதவைத் தட்டி, தோட்டாவுக்கு ஐந்து ஃபென் கட்டணம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மகள் செத்த செய்தியே அந்தத் தாய்க்கு அப்படித்தான் தெரிந்தது. ஐந்து ஃபென் என்றால் ஒரு யுவானில் இருபதில் ஒரு பங்கு. எண்பதுகளின் தொடக்கத்தில் நீதிமன்றமே அந்தத் தண்டனையை ரத்து செய்தது. 2004இல் சுஜோ பக்கத்து லிங்யான் மலைச்சரிவில் கல்லறை எழுந்தது.

அந்தக் கல்லறைக்குப் பக்கத்தில்தான் கண்காணிப்புக் கேமரா வைத்திருக்கிறார்கள். நினைவு நாளில் வருகிறவர்களை வழியிலேயே மறித்துத் திருப்பி அனுப்புகிறார்கள், சிலரைப் பிடித்து வைக்கிறார்கள்.

நான் ஒரு தடவை போகப் புறப்பட்டேன். நினைவு நாளை ஒட்டி அல்ல, சாதாரண ஞாயிற்றுக்கிழமை. கூட வேலை பார்க்கும் சீன நண்பர் தன் காரில் கூட்டிப்போனார். மலைமேல் இருக்கும் புத்தர் கோவிலுக்கு என்றுதான் சொல்லியிருந்தேன். அடிவாரத்தில் நிறுத்தி, டிக்கியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுக்கும்போதுதான் நிஜத்தைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. காரின் முன்பக்கம் போய், நம்பர் பிளேட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "மணி, எனக்குப் பெண் குழந்தை, அடுத்த வருடம் பள்ளியில் சேர்க்க வேண்டும்" என்றார். அவ்வளவுதான். கோவிலுக்கு ஏறினோம், கும்பிட்டோம், இறங்கினோம். கல்லறை இருக்கும் திசையைக்கூட நான் கேட்கவில்லை.

எனக்கு நேர்ந்தால் விசா போகும், ஊருக்கு வந்துவிடுவேன். அவருக்கு அப்படி இல்லை. அவரிடம் முன்கூட்டியே சொல்லாமல் கூட்டிப்போனது நான் செய்த தவறு. இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது. அதனால் இந்த இழையைப் படிக்கும் வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: சியூ ஜின் சமாதிக்குத் தாராளமாகப் போங்கள், பயமே வேண்டாம். சுஜோ மலைக்குப் போக நினைத்தால் உள்ளூர்க்காரர் யாரையும் இழுக்காதீர்கள்.

தூணுக்குத் தலைகுனிவதில் உண்மை இருக்குமா என்று தம்பி கேட்டார். லின் ஜாவ் கல்லறையின் பின்பக்கத்தில் அவருடைய வரிகளையே வெட்டியிருக்கிறார்கள். "சுதந்திரத்துக்கு விலை இல்லை, உயிருக்கோ எல்லை உண்டு. ஜேட் கல்லாக உடைந்து போவேன், என் நாட்டுக்காக" என்பது அதன் சாரம். சியூ ஜினின் 'ஜின்' என்ற எழுத்துக்கும் ஜேட் கல் என்றுதான் பொருள். ஒருத்தியைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்த பிள்ளைக்கு இன்னொருத்தியைப் புரியாமல் போகாது. தூண் முன்னால் அந்த அக்கா குனிந்தபோது மனதில் யார் யாரெல்லாம் இருந்தார்களோ, நமக்கு எப்படித் தெரியும்?

இளவரசன் எழுதியது:

மணி அண்ணா, நான் கேட்டது அவசரப்பட்டுக் கேட்டதுதான். ஆனால் கேள்வியைத் திரும்ப வாங்கவில்லை. அரசை விமர்சித்துச் சிறைப்பட்ட, நோபல் அமைதிப் பரிசு பெற்ற எழுத்தாளர் லியூ ஷியாவ்போ 2017 ஜூலை 13 அன்று காவலில் இருந்தபடியே ஆஸ்பத்திரியில் இறந்தார். 15ஆம் தேதி எரித்து, அன்றைக்கே சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டார்கள். போய் நிற்க ஓர் இடம் இருக்கக் கூடாது என்பதற்காக. தேன்மொழி எழுதிய தேதிகளைப் பாருங்கள். ஜூலை 13, ஜூலை 15. சரியாக 110 வருடம். ஒருவருக்குத் தூண், ஒருவருக்குக் கடல்.

தேன்மொழி எழுதியது:

இளவரசன், அந்தத் தேதிகள் எனக்குத் தோன்றவே இல்லை. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

ஆனால் ஒன்று. சியூ ஜினுக்கும் கல் சும்மா கிடைத்துவிடவில்லை. அந்தக் கதை எனக்கு அவருடைய சாவைவிடப் பெரிதாகத் தெரியும்.

வெட்டப்பட்ட உடலை வாங்க வீட்டார் வர முடியவில்லை, அவர்களும் பயந்து ஒளிந்திருந்தார்கள். தர்ம நிலையத்துக்காரர்கள் எடுத்து மலையடிவாரத்தில் புதைத்தார்கள். வூ ஜியிங், ஷூ ட்சுஹுவா என்று இரண்டு தோழிகள். வூ ஜியிங் பெயர்பெற்ற கையெழுத்துக் கலைஞர், பீக்கிங்கில் சியூ ஜினின் பக்கத்து வீட்டுக்காரர். ஷூ ட்சுஹுவா கணவரை இழந்தவர், பள்ளித் தலைமையாசிரியை. எழுச்சிக்குப் பணம் தேவைப்பட்டபோது தன் தங்க நகைகளை எல்லாம் கழற்றிக் கொடுத்தவர். அதற்குப் பதிலாகச் சியூ ஜின் தன் கையில் கிடந்த ஜேட் வளையல் ஜோடியைக் கழற்றி அவருக்குக் கொடுத்தார். இருவரும் ஒருமுறை ஹாங்ஜோ மேற்கு ஏரிக்கரையில் யுவே ஃபெய் சமாதிக்குப் போயிருந்தார்கள். யுவே ஃபெய் 1142இல் சொந்த அரசாலேயே கொல்லப்பட்ட தளபதி. இதன் பக்கத்தில் புதைத்தால் நன்றாக இருக்கும் என்று சியூ ஜின் அப்போது சொல்லியிருந்தார்.

அந்தச் சொல்லைக் காப்பாற்றத்தான் இரண்டு பேரும் இறங்கினார்கள். அரசாங்கத்தின் பார்வையில் ராஜத்துரோகி ஒருத்திக்கு நிலம் வாங்கினார்கள். 1908 ஜனவரியில், குளிரில், ஏரிக்கரையின் சீலிங் பாலத்துக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். ஷூ ட்சுஹுவா கல்வெட்டு வாசகத்தை எழுதினார், வூ ஜியிங் அதைத் தன் கையெழுத்தில் தீட்டினார்.

வருடக் கடைசிக்குள் அரண்மனையிலிருந்து உத்தரவு வந்தது: சமாதியைத் தரைமட்டமாக்கு. எழுப்பியவர்களையும் பிடி என்றார் புகார் கொடுத்த அதிகாரி. சியூ ஜினின் அண்ணன் ராவோடு ராவாகச் சவப்பெட்டியை ஷாவ்ஷிங்குக்குக் கொண்டுபோனார். 1909இல் அது ஹூனானுக்குப் போனது, அப்போதுதான் இறந்திருந்த கணவரின் பக்கத்தில். எந்த வீட்டை விட்டு வெளியேறினாரோ அந்த வீட்டின் மயானத்துக்கே. பேரரசு விழுந்ததும் சாங்ஷா நகரத்து மலையில் வைத்தார்கள். பிறகு 1913இல் மறுபடி மேற்கு ஏரிக்கு.

கதை அங்கேயும் முடியவில்லை. 1964இல் ஏரிக்கரை அழகைக் கெடுக்கிறது என்று அங்கிருந்த சமாதிகளை எல்லாம் புதிய அரசு அப்புறப்படுத்தியது. திரும்பக் கொண்டுவந்தார்கள். கலாச்சாரப் புரட்சியில் மறுபடி போனது. எலும்புகள் ஒரு மண்ஜாடியில் மலைப்பக்கம் கிடந்தன. 1981இல் தேடி எடுத்துத்தான் இப்போதிருக்கும் சமாதி. மொத்தம் ஒன்பது முறை, பத்து முறை என்று கணக்குச் சொல்வார்கள். கொன்ற அரசு மட்டும் அவரை அலைக்கழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஷூ ட்சுஹுவா அந்த வளையல்களை ஏறத்தாழ இருபது வருடம் காப்பாற்றி வைத்திருந்து, சியூ ஜினின் மகள் வளர்ந்ததும் அவளிடம் ஒப்படைத்தார். அதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரையும் எழுதினார். கல்லறை, சிலை எல்லாவற்றையும்விட எனக்கு இதுதான் நினைவுச்சின்னம்.

கொங்குநூல் எழுதியது:

எல்லாரும் இவ்வளவு எழுதுவீங்கன்னு நெனைக்கலீங்க. மணி அண்ணா, நீங்க சொன்னதை மனசுல வெச்சுக்கறேன். சரக்கு ஏத்தி விடறவங்க, லாரிக்காரர், அக்கா, எல்லாரும் அங்கயே இருந்து பொழைக்கணும். தேன்மொழி, அந்தக் கல்வெட்டு இன்னும் இருக்குதா அம்மணி?

தேன்மொழி எழுதியது:

இருக்கிறது அண்ணா. இப்போதைய சமாதியின் பீடத்தில் பின்பக்கம் பாருங்கள். முன்பக்கம் சுன் யாட்-சென் எழுதிய நான்கு எழுத்துகள், 'பெண்குலத்து வீரர்' என்று பொருள். எல்லோரும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் பின்னால் போங்கள்.

ஷாவ்ஷிங்கில் ஹெசாங்தாங் தெருவில் அவர் பிறந்தகத்து வீடும் இருக்கிறது. படுக்கையறைச் சுவருக்குப் பின்னால் ஒரு ரகசிய அறை, ஆவணங்களையும் ஆயுதங்களையும் ஒளித்து வைத்தது. அதையும் பார்த்துவிடுங்கள்.

பினாங்கு வாசுகி எழுதியது:

பிள்ளைகளே, தாமதமாகத்தான் இந்த இழையைப் பார்த்தேன். முப்பது வருடம் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். சுன் யாட்-சென் எங்கள் பினாங்கில், ஆர்மீனியன் தெரு 120ஆம் எண் வீட்டில் இருந்து வேலை செய்தவர். 1911 குவாங்சோ எழுச்சிக்கு இங்கே கூடித்தான் பணம் திரட்டத் திட்டம் போட்டார்கள். அந்த எழுச்சியில் மாண்ட எழுபத்திரண்டு பேருக்கு அங்கே பெரிய நினைவிடம் இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

பாரதியின் "விடுதலைக்கு மகளிரெல்லோரும் வேட்கை கொண்டனம்" பாட்டு உங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதில் மதுக்கிண்ணத்தின் மீது சேர்ந்து பிரதிக்கினை செய்வோம் என்று வரும். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் ஏதாவது ஒரு பெண் எழுந்து கேட்பாள்: "டீச்சர், நம்ம பொம்பளைங்க எதுக்கு மதுக்கிண்ணத்து மேல சத்தியம் பண்ணணும்?" உருவகம் அம்மா, உட்கார் என்று சொல்லிவிடுவேன். உண்மையில் எனக்கே அந்தக் கிண்ணம் எங்கிருந்து வந்தது என்று பிடிபடாமல்தான் இருந்தது.

அது சியூ ஜினின் கிண்ணம். பெண்ணுரிமைக்கு ஊக்கமூட்டித் தன் இதழுக்காக அவர் எழுதிய பாட்டை வைத்துத்தான் பாரதி தமிழில் ஆக்கினார். சீன மூலத்தில் முதல் வரியே அதுதான்: நாம் சுதந்திரத்தை நேசிக்கிறவர்கள், சுதந்திரத்துக்காக ஒரு கிண்ணம் மது ஏந்துவோம். ஆணும் பெண்ணும் சமம் என்பது இயற்கை கொடுத்தது, மாட்டுக்குப் பின்னால் நடக்க ஒத்துக்கொள்வோமா என்று அடுத்து வரும். பாரதி அதில் சக்தியைக் கொண்டுவந்து வைத்தார். உடையவள் சக்தி ஆண் பெண் இரண்டையும் ஒருநிகர் செய்தாள் என்றார். கிண்ணத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். இடத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்காமல், அந்தப் பெண்ணின் கையில் இருந்ததை அவள் கையிலேயே விட்டிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. கேட்ட பிள்ளைகள் இப்போது எந்தெந்த ஊரிலோ. அவர்களுக்குச் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். கொங்குநூல் தம்பி, சமாதிக்குப் போகும்போது அந்தப் பாட்டை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இளவரசன் எழுதியது:

டீச்சர், ஐந்தாம் வகுப்பில் இந்தப் பாட்டுக்குத்தான் எனக்குப் பரிசு கிடைத்தது. இது அவருடையது என்று யாரும் சொல்லித் தரவில்லை. கொங்குநூல் அண்ணா, என் பேரிலும் ஒரு பூ வையுங்கள்.

கொங்குநூல் எழுதியது:

போய்ட்டு வந்துட்டேனுங்க. கொஞ்சம் பொறுமையா எழுதறேன்.

ஞாயித்துக்கெழம காலைல அக்காவும் நானும் கெச்சியாவ்ல மெட்ரோ ஏறினோம். ஹாங்ஜோ மெட்ரோவுக்கு மாத்தற ஸ்டேசன் பேரு குனியாங்சியாவ். போர்டுல முன்னாடியே பார்த்ததுதான். அர்த்தம் கேட்டேன், பொண்ணுப்பிள்ளைப் பாலம்னாங்க. ரெண்டு கொத்து வெள்ளைச் செவ்வந்தி வாங்கினோம். அங்கயும் எறந்தவங்களுக்குச் செவ்வந்திதான்.

அக்டோபர்ல ஏரிக்கரை முழுக்க ஒரு பூ வாசம். ஓஸ்மாந்தஸ்னு சொன்னாங்க, குட்டிக் குட்டியா மஞ்சப் பூ, பவழமல்லி மாதிரி கீழ கொட்டிக் கெடக்குது. தீவு மாதிரி இருக்கற குஷான் மேட்டுப் பக்கமா நடந்து, சீலிங் பாலத்துக்கு முன்னாடி சமாதி. வெள்ளைக் கல்லுல அந்தம்மா நிக்கறாங்க. கொண்டை போட்டு, ஒரு கை இடுப்புல, ஒரு கை வாள் மேல, பார்வை ஏரி மேல. நான் துணிக்காரன், என் கண்ணு மொதல்ல பாவாடைக்குத்தான் போச்சு. மடிப்பு மடிப்பா செதுக்கியிருக்காங்க. நிக்கற பாவாடைல மடிப்பு நேரா விழணும். இதுல ஒரு பக்கமா லேசா சாஞ்சு விழுது, காத்துல நிக்கற மாதிரி.

தேன்மொழி சொன்ன மாதிரி பின்னால போனேன். கல்வெட்டு இருக்குது. எழுத்துல ஒண்ணும் எனக்குப் படிக்கத் தெரியாது. அக்காவே அந்தப் பக்கம் வந்ததில்லையாம். ஸ்கூல்ல படிக்கறப்ப ரெண்டு தடவ கூட்டிட்டு வந்தாங்களாம், ரெண்டு தடவயும் முன்னாடி வரிசைல நின்னு வணக்கம் வெச்சுட்டுப் போய்ட்டாங்களாம். விரலை எழுத்து மேல படாம வெச்சு மெதுவா வாசிச்சாங்க. ரெண்டு பேரோட பேரு வந்த எடத்துல நிறுத்தி, வளையல் கதைய நான் சொன்னேன். பாதி எனக்குத் தெரிஞ்ச சீன மொழில, பாதி செல்போன் மொழிபெயர்ப்புல. அவங்களுக்கு அது தெரியாது. தன் கை மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க.

செவ்வந்தில ஒரு கொத்தை முன்னாடி வெச்சோம், இன்னொண்ணைப் பின்னால, கல்வெட்டுக்குக் கீழ. இளவரசன் தம்பி, ஒண்ணு உங்க பேர்ல.

அப்புறம் வாசுகி டீச்சர் சொன்ன பாட்டைச் சொன்னேன். ஜனங்க திரும்பிப் பார்த்தாங்க, பரவால்ல. முடிச்சதும், இது அந்தம்மா எழுதினது, எங்க கவிஞர் எங்க பாஷைல எழுதினார்னு சொன்னேன். அக்கா நம்பல. செல்போன்ல மூலப் பாட்டைத் தேடி எடுத்தாங்க. சின்னக் குரல்ல ஒரு தடவ வாசிச்சாங்க. இன்னொரு தடவ கேட்டேன், வாசிச்சாங்க.

இதுல மதுக்கிண்ணம் எங்க வருதுன்னு கேட்டேன். மொத வரியோட கடைசி எழுத்து மேல விரலை வெச்சாங்க. ஜியூ. பார்த்ததும் தெரிஞ்சுபோச்சுங்க. மூணு சொட்டுத் தண்ணி, பக்கத்துல ஒரு ஜாடி. எட்டு வருசமா ஷாவ்ஷிங்ல ஒவ்வொரு கடை வாசல்லயும், ஒவ்வொரு மண்ஜாடி மேலயும் செவப்புக் காகிதத்துல ஒட்டியிருக்கற அதே எழுத்து.